கடல் கடந்த வேலையும் கைத்தொழிலாளர் மதிப்பும்

(கள்ளக்குறிச்சியிற் கூடிய நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எம்போன்ற தமிழாசிரியர் மேடையேறின் இலக்கியச் சுவையை எடுத்துக் கூறுதலே வழக்கம். இவ்வாண்டு நம் சங்கத்துக் காரியதரிசியவர்கள் வேறொரு பொருளை எமக்குக் குறித்தார்கள். வெளிநாட்டு வேலை, அதற்கு வேண்டும் விசா, அதன்பொருட்டுக் குடும்பங்கள் படும் கடன் ஆகிய இவற்றைப் பற்றி யாவரும் விளங்கிக்கொள்ளுமாறு பேசவேண்டுமெனப் பணித்தார்கள். அதனை யாம் மகிழ்வுடன் ஏற்றுக்கொண்டோம். என்னை? மாற்றுச் சான்றிதழின் நகல் வேண்டியும், பெயரையும் பிறந்த நாளையும் ஒப்பிட்டுத் தரவேண்டியும் எம் பள்ளிக்கு வருவோருள் கடல் கடக்க முனைவோர் தொகை ஆண்டுதோறும் பெருகிவருதலை யாம் கண்கூடாகக் காண்கின்றோம். சென்றவருட் சிலர் செல்வத்தோடு திரும்பினர். சிலர் கடனோடு திரும்பினர். இவ்விரு திறத்தார்க்கும் கைத்திறனில் வேறுபாடு இல்லை. புறப்பட்ட முறையிலேயே வேறுபாடு உள்ளது. அதனை விளக்குதலே இச்சொற்பொழிவின் நோக்கமாகும்.

திறமுடையார் நாடுவிட்டு நாடு சென்று தொழில் செய்தல் புதிய வழக்கமன்று. சோழ மன்னனுக்குரிய மண்டபமொன்றை யவனர் முதலிய வேற்றுநாட்டுக் கைவினைஞர் தமிழ்நாட்டு வினைஞரோடு கூடி இழைத்தனரென மணிமேகலை கூறுகின்றது. வந்தவரை அந்நூல் நாட்டோடும் தொழிலோடும் சேர்த்துச் சிறப்பித்தே பேசுகின்றது. பிழைக்க வந்தவரென்று இகழவில்லை.

இன்னும் அண்மையிற் காண்பாம். நம் மாவட்டத்துத் திருக்கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரியின் போர்த்துணையை மூவேந்தரும் வேண்டி நின்றனர் என்பது புறநானூற்றால் விளங்கும். வென்றவர் அவனால் வென்றோம் என்றனர். தோற்றவரும் அவனால் தோற்றோம் என்றனர். அவன் சிறுநாட்டுத் தலைவனே. ஆயினும், வேண்டியவர் வேந்தர், வேண்டப்பட்டவன் காரி. வேண்டப்படுபவனுக்கே தன் மதிப்பை உரைக்கும் உரிமை உண்டு. அன்பர்காள்! இவ்வொரு கருத்தை நெஞ்சிற் பதித்துக்கொள்க. அயல்நாட்டு வேலைக்குச் செல்லும் நம் பிள்ளை வேண்டி அழைக்கப்பட்டுச் செல்கின்றானா, அன்றி விலை கொடுத்து வேலையை வாங்கிக்கொண்டு செல்கின்றானா என்பதே நாம் முதற்கண் வினவத்தக்க வினா.

இவ்விரு நிலைகளையும் ஒருங்கே காட்டுவதற்குத் தென்னாப்பிரிக்க வரலாற்றிலும் சிறந்த சான்று வேறில்லை. சென்னையினின்று புறப்பட்ட துரூரோ என்னும் கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் தர்பன் துறையை அடைந்தது. ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டுக் கரும்புத் தோட்டம் புக்க அவருட் பலர் தமிழர். முப்பத்துமூன்று ஆண்டு கழித்து, 1893-இல், அதே துறையில் இளம் பாரிஸ்டர் ஒருவர் இறங்கினார். அவர் காந்தியடிகள். தாதா அப்துல்லா கம்பெனியார் ஒரு வழக்கின்பொருட்டு ஓராண்டுக்கு 105 பவுன் ஊதியமும், போக்குவரத்துக்கு முதல் வகுப்புக் கட்டணமும், உணவு உறையுட் செலவும் தாமே ஏற்று அவரை வரவழைத்தனர். கூலிகளும் கடல் கடந்தனர். காந்தியடிகளும் கடல் கடந்தார். இருவர்க்கும் ஒப்பந்தம் உண்டு. எனினும், ஒப்பந்தம் முடிந்தபின் தாம் விரும்பியவாறு செய்யும் உரிமை அடிகட்கு இருந்தது. கூலிக்கோ ஒப்பந்த காலத்தில் முதலாளியைவிட்டு விலகும் உரிமை இல்லை, விலகின் அது குற்றம், குற்றத்திற்குச் சிறை.

1894-ஆம் ஆண்டிற் பாலசுந்தரம் என்னும் தமிழ்த் தொழிலாளி, முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயிற் குருதி ஒழுக, தலைப்பாகையைக் கையில் ஏந்தி அடிகளிடம் வந்து அழுது நின்றார். அடித்தவர் அவருடைய முதலாளி. அடிகள் அவரைத் தலைப்பாகையை அணிந்துகொள்ளச் செய்து, மருத்துவரிடம் சான்று பெற்று, நீதிபதியிடம் அழைத்துச் சென்றார். ஆனால், பாலசுந்தரத்தை அவ்விடத்தினின்றும் மீட்க ஒரே வழிதான் இருந்தது. வேறொரு முதலாளியைத் தேடி, ஒப்பந்தத்தை அவர் பெயருக்கு மாற்றுவித்தலே அது. பல்லுடைத்தவனையும் தொழிலாளி தானே விட்டு நீங்க இயலவில்லை என்பதை நோக்குமின்! நம்மவர் பலர் போராடிய பின்னரே இம்முறை நீங்கிற்று. 1917-இல் ஆள் ஏற்றுதல் நிறுத்தப்பட்டது. 1922-இற் குடியேற்றச் சட்டம் ஒன்று பிறந்தது. அதற்கு மாற்றாக 1983-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது.

கற்றவர்க்கும் தடைகள் இல்லாமற் போகவில்லை. காந்தியடிகள் நேட்டால் நீதிமன்றத்தில் வழக்குரைஞராகப் பதிவு செய்யக் கோரியபோது, அந்நாட்டு வழக்குரைஞர் சங்கத்தார் எதிர்த்தனர். நீதிமன்றமே அவர்க்கு உரிமை வழங்கியது. 1897-இல் நேட்டால் அரசு, புகுவோர் ஐரோப்பிய மொழியொன்றில் விண்ணப்பம் எழுதுதல் வேண்டுமென்று சட்டம் செய்தது. இந்தியர் என்று பெயர் கூறாமலே இந்தியரைத் தடுக்கும் உபாயம் அது. திறமும் மொழியும் ஊதியமும் அளந்து ஆளை உள்ளே விடும் இற்றை நாள் முறைகளைக் காணும்போது அச்சட்டம் நினைவுக்கு வருகின்றது.

நிற்க. விசா என்பது யாது? பாஸ்போர்ட் எனப்படும் கடவுச்சீட்டு நம் அரசாங்கம் தருவது. 'இவர் எம் குடிமகன்' என்பதற்கு அது சான்று. விசாவோ அயல்நாட்டு அரசாங்கம் தரும் நுழைவு அநுமதி. வேலைக்குரிய அநுமதி பெரும்பாலும் மூன்று எல்லைகளை வகுக்கும்: இன்ன வேலை, இன்ன முதலாளி, இத்துணைக் காலம். இம்மூன்றனுள் எதனை மீறினும் நம் பிள்ளை அந்நாட்டிற் குற்றவாளியாவான். சுற்றுலா விசாவிற் சென்று வேலை செய்பவனுக்கு அந்நாட்டுத் தொழிற்சட்டத்தின் காப்பு நழுவிப்போம். 'முதலில் விசிட்டில் செல்லுங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம்' என்று தரகர் கூறுவாராயின், அச்சொல்லைக் கேட்டவுடனே எழுந்து வருதல் நன்று.

நாட்டுக்கு நாடு இம்முறை வேறுபடும். சிங்கப்பூரில் மூன்று படிகள் உள்ளன. கட்டடம், கப்பல் தளம் முதலியவற்றில் உழைப்போர்க்கு ஒர்க் பெர்மிட். இடைநிலைத் திறமுடையார்க்கு எஸ் பாஸ். உயர்தொழிலர்க்கு எம்ப்ளாய்மெண்ட் பாஸ். இம்மூன்றாவதற்கு 2025 ஜனவரி முதல் மாத ஊதியம் குறைந்தது 5,600 சிங்கப்பூர் வெள்ளி இருத்தல் வேண்டும் என விதித்தனர். இந்திய உணவுச்சாலைகளுக்குச் சமையற்காரரை இந்தியாவினின்று ஒர்க் பெர்மிட்டில் வரவழைத்தற்கு 2023 செப்டம்பர் முதல் வழி திறந்தனர். நம் சாம்பாரும் பரோட்டாவும் அறிந்த கைக்கு அங்கே தனி மதிப்பு உண்டு என்பது இதனாற் பெறப்படும்.

வளைகுடா நாடுகளிற் கஃபாலா என்னும் பொறுப்பாளி முறை நெடுங்காலம் நிலவியது. முதலாளியின் இசைவின்றித் தொழிலாளி வேறிடம் செல்லல் ஆகாது. சில நாடுகளில் ஊர் திரும்புதலும் ஆகாது. கத்தார் நாடு 2020-இல் இச்சட்டத்தைத் திருத்தி, இசைவுச் சீட்டின்றியே வேலை மாற வழி செய்தது. 2021 மார்ச்சு முதல் மாதக் குறைந்த ஊதியம் 1,000 ரியால் என்றும் விதித்தது. பாலசுந்தரத்தின் துயரம் நூற்றாண்டு கடந்தும் எத்துணை மெல்ல அகல்கின்றது, பார்மின்!

அமெரிக்காவில் எச்-1பி என்னும் விசா பட்டம் பெற்ற வல்லுநர்க்கு உரியது. ஆண்டிற்கு 65,000-உம், அந்நாட்டில் மேற்பட்டம் பெற்றார்க்கு 20,000-உம் எனச் சட்டம் எல்லை வகுத்துள்ளது. மனுச் செய்பவர் முதலாளி, தொழிலாளி அல்லர். அவ்விடத்தில் அத்தொழிலுக்கு வழங்கும் ஊதியத்திற் குறைத்துத் தருதல் கூடாது. வேலை போயின், வேறு முதலாளியைத் தேட அறுபது நாளுக்கு மேல் அவகாசம் இல்லை. 2025 செப்டம்பர் 21 முதல் ஓராண்டுக்கெனப் புதிய மனுக்களுக்கு 1,00,000 டாலர் விதித்து அந்நாட்டு அதிபர் ஆணை பிறப்பித்தார். உயர்ந்த சம்பளம் பெறும் பொறிஞனும் ஓர் ஆணையால் திகைத்து நிற்க நேர்ந்தது. ஆதலின், முதலாளியொருவனோடு பிணைக்கப்பட்ட அநுமதியின் வன்மையின்மை கூலிக்கும் உண்டு, பட்டதாரிக்கும் உண்டு, அளவே வேறு.

ஜெர்மனி நாட்டின் நிலை வேறு. ஆங்கு முதியோர் மிகுந்து தொழிலாளர் அருகினர். 2020 மார்ச்சிற் திறமுடையோர் குடிபுகு சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2024-இல், இந்தியத் தொழில் வல்லார்க்கு ஆண்டுக்கு 20,000 ஆக இருந்த விசாத் தொகையை 90,000 ஆக உயர்த்துவதாக அறிவித்தனர். ஜப்பானும் 2021 ஜனவரியில் நம் நாட்டோடு உடன்படிக்கை செய்து, செவிலிப் பணி, கட்டடம், உழவு முதலிய துறைகளுக்குத் திறமுடையாரை ஏற்க இசைந்தது. இவ்விரு நாடுகளும் பெரிதும் வேண்டுவன இரண்டே: தொழிற்சான்று ஒன்று, தம் மொழியறிவு மற்றொன்று. தரகர்க்குக் கொடுக்கும் பணத்தின் ஒரு கூறு மொழி வகுப்பிற்குச் செலவிடப்படின் நம் பிள்ளைகள் வேண்டப்படுவோராவர்.

இனித் தரகு பற்றிச் சிறிது கூறுவாம். 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மத்திய அரசிற் பதிவு பெறாதவர் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்த்தல் குற்றம். பதிவு பெற்றவரும் தொழிலாளியிடம் பெறத்தக்க கூலி ரூபாய் 30,000-உம் அதன்மேல் வரியுமே. அதற்கும் இரசீது தரக் கடமைப்பட்டவர். பதிவு பெற்றார் பட்டியல் இ-மைக்ரேட் என்னும் அரசாங்கத் தளத்தில் யாவரும் காணுமாறு உள்ளது. பத்தாம் வகுப்புத் தேறாதார் வளைகுடா நாடுகள், மலேசியா முதலிய 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்வதாயின், குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் இசைவு வேண்டும். அவ்வலுவலகம் சென்னையில் உண்டு. இவ்விசைவைத் தடையென்று எண்ணிச் சுற்றுவழி தேடுவோர் பலர். அற்றன்று; ஒப்பந்தத்தில் ஊதியம் எழுதப்பட்டுளதா என ஒருவர் நமக்காகப் படித்துப் பார்க்கும் இடம் அது. அவ்வாறு செல்வோர்க்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்னும் காப்புறுதி உண்டு. இரண்டாண்டுக்கு ரூபாய் 275 செலுத்தின், விபத்தில் உயிரிழப்போ நிலையான ஊனமோ நேர்ந்தால் ரூபாய் 10 லட்சம் குடும்பத்திற்குக் கிடைக்கும். தமிழ்நாட்டரசு 1978-இல் நிறுவிய அயல்நாட்டு வேலைவாய்ப்புக் கழகமும் ஆள் தேர்ந்து அனுப்புகின்றது. இந்த 18 நாடுகளுக்கும் செவிலியரை இத்தகைய அரசு நிறுவனங்களின் வாயிலாகவே அனுப்புதல் வேண்டுமென 2015-இல் மத்திய அரசு ஆணையிட்டது. செவிலி கற்ற பெண்மக்களைப் பெற்ற தாய்மார்கள் இதனை நினைவிற் கொள்க.

எம்மிடம் பயின்ற மாணாக்கர் ஒருவர் நிலையை ஈண்டு உரைப்பாம். தொழிற்பயிற்சி நிலையத்தில் வெல்டர் பயிற்சி முடித்த அவ்விளைஞரிடம் தரகர் ஒருவர் 'வெல்டர் வேலை' என்று கூறி ரூபாய் 1,80,000 பெற்றார். இரசீது இல்லை. தந்தையார் புஞ்சையை அடகு வைத்து நூற்றுக்கு மூன்று வட்டிக்குக் கடன் வாங்கினார். சென்று இறங்கிய பின்னரே, அநுமதித் தாளிற் 'பொதுத் தொழிலாளி' என எழுதியிருத்தல் அவர்க்குத் தெரிந்தது. பற்றவைக்கும் கை செங்கல் சுமந்தது. மாதம் ரூபாய் 5,400 வட்டிக்கே சென்றது. இரண்டாண்டில் ரூபாய் 1,29,600 வட்டியாகக் கட்டியும் முதலில் ஒரு காசும் குறையவில்லை. வேலையை விட்டு வந்தாற் புஞ்சை போம். விடாதிருந்தால் தொழில் மறக்கும். அவரைக் கட்டியது அந்நாட்டுச் சட்டம் ஒருபுறம். நம்மூர்க் கடன் மற்றொருபுறம். இரண்டாவது கயிற்றை நாமே திரித்துக் கொடுத்தோம் என்பதே யாம் உணர்த்த விழைவது. வேலை செய்து கூலி வாங்குபவன் தொழிலாளி. வேலைக்கே விலை கொடுப்பவன் புறப்படுமுன்னரே கடனாளி.

படித்தவர் ஏமாறார் என எண்ணற்க. 2022-ஆம் ஆண்டிற் தாய்லாந்தில் கணினி வேலையென்று அழைக்கப்பட்ட இளைஞர் பலர், எல்லை கடத்தி மியான்மர் நாட்டின் மியாவாடிப் பகுதிக்குக் கொண்டு செல்லப்பட்டு, பிறரை ஏமாற்றும் இணையக் குற்றத் தொழிலில் வலிந்து ஈடுபடுத்தப்பட்டனர். மீட்கப்பட்டோருள் தமிழ்நாட்டினரும் இருந்தனர். அவர் கல்வியற்றவரல்லர், ஆங்கிலமும் கணினியும் அறிந்தவர். விசாவின் வகையையும் முதலாளியின் உண்மையையும் ஆராயாது சென்றமையே அவர்க்குக் கேடு விளைத்தது.

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். 'எங்ஙனமேனும் சென்று சேர்ந்தாற் போதும். குறைந்த கூலிக்கேனும் உழைப்போம்' என்பார் உளர். இஃது அறமும் அன்று, அறிவும் அன்று. அயலார் குறைந்த கூலிக்கு வருதலால் தம் கூலி தாழ்கின்றதென்று அந்நாட்டுத் தொழிலாளர் முறையிடுகின்றனர். அம்முறையீட்டிற் பகையும் உண்டு, நியாயமும் உண்டு. ஊதிய எல்லை வகுத்தற்கு ஒரு காரணம் இதுவே. நம் நாடும் இம்முறையையே கைக்கொண்டுளது. சில விலக்குகள் நீங்கலாக, ஆண்டுக்கு ரூபாய் 16.25 லட்சத்திற்குக் குறைந்த ஊதியத்தில் அயல்நாட்டாரை இந்தியாவில் வேலைக்கமர்த்தற்கு விசா வழங்குவதில்லை என்பது விதி. இங்குள்ளார் செய்யக்கூடிய எளிய வேலைக்கு வேற்றுநாட்டார் வருதல் வேண்டா என்பதே அதன் கருத்து. நமக்கு நியாயமாகத் தோன்றுவது பிறர்க்கும் நியாயமே.

இது தொலைவிலுள்ள செய்தியன்று. நம் மாவட்டத்து உளுந்தூர்ப்பேட்டையிலே தைவான் நாட்டுப் பௌ சென் நிறுவனத்தார் ரூபாய் 2,302 கோடி முதலீட்டிற் காலணித் தொழிற்சாலை அமைக்க 2023-இல் நம் மாநில அரசோடு உடன்படிக்கை செய்தனர். 20,000 பேர்க்கு வேலை எனவும் அறிவித்தனர். இத்தகைய ஆலைகள் எழும்போது பொறிகளை நிறுவவும் தொழிலைக் கற்பிக்கவும் அயல்நாட்டு வல்லுநர் வருதல் இயல்பு. 'அயலான் வந்தானே' என்று முணுமுணுத்தலைவிட, அவர் அறிந்ததை நம் பிள்ளைகள் அருகிருந்து கற்றுக்கொள்ளுதல் நலம். கற்பிக்க வந்தவன் திரும்பும்போது கற்றவன் இங்கே நிலைபெறுவான். பின்னர் அவனையே பிற நாட்டார் வேண்டுவர்.

நம் கையிலுள்ள செல்வத்தையும் மறத்தலாகாது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்திற்கு 2021-இற் புவிசார் குறியீடு கிடைத்தது. இவ்வூர்ப் பெயரைத் தாங்கிய சிற்பம் என்று உலகறியச் சட்டம் அளித்த முத்திரை அது. ஆனால், குறியீடு பொருளுக்கே உரியது. செதுக்கும் கைக்குத் தனிச்சான்று வேண்டும். தந்தையிடம் கற்ற தொழில் எத்துணைச் சிறந்ததாயினும், அயல்நாட்டு அதிகாரி அதனைக் காகிதத்திலேயே காண்பார். ஆதலின், பரம்பரைத் தொழிலறிந்த இளைஞரும் அரசாங்கத் தொழிற்சான்று பெறுதல் இன்றியமையாதது. பிறப்பால் வந்த பெருமை விசா அலுவலகத்தின் வாயிலைத் தாண்டாது. கற்றுத் தேறிய திறமே தாண்டும்.

கல்வராயன் மலையை நோக்குவாம். காஞ்சியினின்று வந்தோம் என்னும் வழக்குடைய அம்மலைவாழ் மக்கள், 1976 வரை ஜாகீர்தாரர் ஆளுகையில் துன்புற்றனர். இன்றும் மேஸ்திரியிடம் முன்பணம் பெற்றுக் கேரளத்திற்கும் கருநாடகத்திற்கும் தோட்ட வேலைக்குச் செல்வோர் அவருட் பலர். முன்பணம் வாங்கிச் செல்லும் மலைமகனும், முன்பணம் கொடுத்துச் செல்லும் நம் மகனும் ஒரே கயிற்றின் இரு முனைகளிற் கட்டுண்டவரே. எனவே, நம் சங்கம் செய்யும் உதவி நம் குலத்தாரோடு நின்றுவிடாமல், வெள்ளிமலையினின்று இறங்கிவரும் மாணாக்கர்க்கும் எட்டுதல் வேண்டும்.

முடிவாக, சங்கத்தார் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

முதலாவது, ஒவ்வொரு மாதமும் ஒருநாள் சங்கக் கட்டடத்தில் வழக்கறிஞர், ஆசிரியர், வெளிநாட்டில் உழைத்துத் திரும்பினோர் ஆகிய மூவர் கூடி, வேலைக்கழைக்கும் கடிதத்தையும் ஒப்பந்தத்தையும் இலவசமாகப் படித்துக் கூறுதல் வேண்டும். முதலாளி பெயர், வேலையின் பெயர், ஊதியம், உறையுள், காலம் ஆகிய ஐந்தும் விசாவோடு ஒத்துளவா என நோக்கின் பெரும்பாலான ஏமாற்றம் அங்கேயே வெளிப்படும்.

இரண்டாவது, சங்க நிதியினின்று வட்டியில்லாக் கடன் அளித்தல் வேண்டும். அக்கடன் மொழி வகுப்பிற்கும், தொழிற்றேர்விற்கும், பாஸ்போர்ட்டிற்குமே ஆகுக. இரசீதில்லாத் தரகிற்கு ஒரு ரூபாயும் ஆகாது.

மூன்றாவது, பெற்றோர் பிள்ளையைப் பள்ளியிற் சேர்க்கும்போதே பெயரையும் தலைப்பெழுத்தின் விரிவையும் பிறந்த நாளையும் ஒரே வகையாகப் பதிவித்தல் வேண்டும். பள்ளியில் ஒன்றும், ஆதாரில் ஒன்றும், பாஸ்போர்ட்டில் வேறொன்றுமாகத் தந்தை பெயர் நிற்றலால் எத்துணையோ நல்ல வாய்ப்புகள் காலங்கடந்து போகின்றன. ஓர் எழுத்துப் பிழையைத் திருத்த ஓராண்டு அலைந்தோரை யாம் அறிவோம்.

நான்காவது, பத்தாம் வகுப்பைத் தேறுமுன் எப்பிள்ளையையும் கடல் கடந்த வேலைக்கு அனுப்புவதில்லையென ஒவ்வொரு குடும்பமும் உறுதி கொள்ளுதல் வேண்டும். அச்சான்று ஒன்றே அவன் பாஸ்போர்ட்டின் நிலையையும், அவன் கையொப்பமிடும் ஒப்பந்தத்தைத் தானே படிக்கும் ஆற்றலையும் மாற்றிவிடும்.

அன்பர்காள்! செல்லற்க என்று யாம் கூறவில்லை. செல்க, திறம் கற்றுச் செல்க, தாளைப் படித்துச் செல்க, கடனின்றிச் செல்க. திருக்கோவலூர்க் காரியைப் போல் வேண்டப்பட்டவராய்ச் செல்க. அவ்வாறு செல்பவர் எந்நாட்டிலும் தலைநிமிர்ந்து உழைத்துத் தம் ஊர்க்குத் திரும்பும் உரிமையையும் தம் கையிலேயே வைத்திருப்பர்.



சங்கம் தழைக்க! உழைப்போர் உயர்க!